படம் ஒட்டிய நாற்று

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. சந்தையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த வீட்டு தெசாங்கா என் நாற்றுப் பெட்டிகளுக்கு மேலேயே ஒரு கறுப்புத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் முப்பது மிளகாய் நாற்றுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மிளகாய்ப் படம் போட்ட பளபளப்பான அட்டை குத்தியிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய தோட்டக் கடையின் தட்டு அது. இருபத்திரண்டு வருடமாக என்னிடம் நாற்று வாங்கியவள், அதை அங்கே வாங்கிவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறாள். சரி, திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஜிவாதின் அண்ணே, இத எவ்வளவு இடைவெளி விட்டு நடணும்?" என்றாள்.

என் அப்பா இதே சந்தையில் இதே மேசையில் நாற்பது வருடம் நின்றவர். வாடிக்கையாளர் முகத்தில் துப்பினால்கூட மழை வருகிறதா என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவர். அவர் இருந்திருந்தால் இடைவெளியைச் சொல்லி அனுப்பியிருப்பார். எனக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

"வித்தவன்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"அங்க யாருண்ணே இருக்கா? பில்லு போடுற பொண்ணு ஒண்ணு இருக்கு. அதுக்கு மிளகாய்க்கும் கத்திரிக்கும் வித்தியாசம் தெரியாது."

"தெரியாதவகிட்ட வாங்கிட்டு, தெரிஞ்சவன்கிட்ட வந்து கேக்குற. நல்லா இருக்கும்மா நியாயம்."

"கோவிச்சுக்காதீங்க. ஒரு கார்டு குடுத்தாங்க. ஒன்பது தட்டு வாங்கினா பத்தாவது தட்டு சும்மா. அதுவும் போக, இதுல படம் இருக்கு. என்ன வரும்னு பாத்து வாங்கலாம். உங்க நாத்துல என்ன இருக்கு? உங்க வாய் மட்டும்தான் இருக்கு."

பக்கத்தில் பாலாடைக்கட்டி விற்கிறவன் சிரித்தான். முள்ளங்கிக்காரி சிரித்தாள். சந்தையில் ஒருவன் அவமானப்படும்போது எடை போடுகிற கைகள்கூட ஒரு நிமிடம் நின்றுவிடும்.

சும்மா கிடைக்கிற பத்தாவது தட்டுக்காக மற்ற ஒன்பதையும் யோசிக்காமல் வாங்கக் கிளம்பியிருக்கிறாள். இதை நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினேன்.

"செப்டம்பர்ல மிளகாய அரைச்சு ஐவார் கிண்டுவோம். உன் சட்டி ஒண்ணு, என் சட்டி ஒண்ணு. தெருவே வந்து தொட்டு நக்கிப் பாத்துச் சொல்லட்டும். நான் தோத்தா, இதே பெட்டி மேல நின்னு, 'நாத்து வேணுமா, நெடுஞ்சாலைக் கடைக்குப் போங்க'ன்னு மூணு தடவ கத்துறேன்."

"நான் தோத்தா?"

"சாகுற வரைக்கும் எங்கிட்டதான் வாங்கணும்."

"ரெண்டுமே எனக்குத்தான் தண்டனையா இருக்கு," என்று சொல்லி, தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது முப்பது சென்டிமீட்டர் என்று நானே பின்னாலிருந்து கத்தித் தொலைத்தேன். பழக்க தோஷம்.

எங்கள் ஊரான லெஸ்கோவட்ஸ் பக்கத்தில் ஒரு வீட்டின் மானம் மற்ற மாதங்களில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். செப்டம்பரில் அது ஐவார்ச் சட்டியில்தான் இருக்கும். சிவப்பு மிளகாயைச் சுட்டு, தோல் உரித்து, அரைத்து, முற்றத்து விறகடுப்பில் நாலு மணி நேரம் துடுப்பால் கிண்ட வேண்டும். எங்கள் ஊரில் அது இனிப்பு மிளகாயில்தான் செய்யப்படும். பால்குடி மறந்த குழந்தைகூட ரொட்டியில் தடவித் தின்ன வேண்டும். காரம் புகுந்தால் முழுச் சட்டியும் போயிற்று.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலையாகிப் போனது. தெசாங்காவின் செடிகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன. ஒன்று தலை நிமிர்ந்தால் எல்லாம் நிமிர்ந்தன. பூத்தால் எல்லாம் ஒரே நாளில் பூத்தன. என்னுடையவற்றில் ஒன்று இடுப்பளவு, ஒன்று முழங்காலளவு. ரத்தபந்தம் உள்ள குடும்பத்தில் நெட்டையும் குட்டையும் இருக்கத்தான் செய்யும் என்று என் மனைவி விதோசாவாவிடம் சொன்னேன். "உங்க குடும்பத்துல குட்டை மட்டும்தானே," என்றாள். அவளிடம் ஆறுதல் கேட்டது என் தப்பு.

செப்டம்பர் தொடக்கத்தில் தோட்டம் முழுக்கப் பழங்கள் சிவந்தன. விதோசாவா நாலைந்தைச் சுட்டு, பூண்டும் வினிகரும் போட்டு மதியச் சாப்பாட்டுக்கு வைத்தாள். முதல் கடி அவள் கடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முப்பத்தைந்து வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டு தடவைதான்.

"என்னய்யா நட்டு வச்சிருக்க?"

"பூண்டு அதிகமாயிருக்கும்."

"நீ தின்னு பாரு."

தின்றேன். பூண்டு இல்லை.

தோட்டத்துக்குப் போய் வரிசை வரிசையாகக் கடித்துப் பார்த்தேன். இனிப்பு, இனிப்பு, இனிப்பு, நெருப்பு. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நெருப்பு இருந்தது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதே நீளம், அதே சிவப்பு, அதே சாது முகம். நாக்கைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தபோதுதான், குழாய்க்குப் பக்கத்தில் போன வருடம் என்ன இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

விதோசாவாவின் தம்பி கிராதிமிர் பஸ் ஓட்டுகிறான். போன வருடம் ஹங்கேரியிலிருந்து ஒரு ஆஸ்பிரின் டப்பா நிறையக் கார மிளகாய் விதை கொண்டுவந்து கொடுத்தான். ஊறுகாய்க்கு ஆகும் மாமா, சும்மா வச்சுக்கோங்க என்றான். சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாக நீண்டுவிட்டது. குழாயடியில் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே நட்டேன். அதற்கு அடுத்த வரிசையில் என் இனிப்பு மிளகாய். தேனீக்கு வேலியும் தெரியாது, ஜாதியும் தெரியாது. காரத்தின் மகரந்தத்தைக் கொண்டுபோய் இனிப்புப் பூவில் வைத்துவிட்டுப் போய்விடும். அந்த வருடப் பழத்தில் ஒன்றும் தெரியாது. வினை விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் விதைக்கு எடுத்ததோ, தண்ணீர் அதிகம் குடித்து இருப்பதிலேயே பெரிதாகத் திரண்ட பழங்களை. அதாவது குழாயடிப் பக்கத்து வரிசையை. அப்பா சொல்வார், ஓசியில் வந்த பொருளுக்கு விலை கடைசியில்தான் தெரியும் என்று. நான் அதைப் பத்து பேருக்காவது சொல்லியிருக்கிறேன்.

கிராதிமிருக்கு போன் போட்டேன். "சும்மா குடுத்ததுக்குக் கேள்வி வேறயா?" என்று வைத்துவிட்டான்.

என் தோட்டம் போனால் போகட்டும். பந்தயம்கூடப் போகட்டும். அதே விதையில் முளைத்த நாற்றை நான் வசந்தத்தில் அறுபது வீட்டுக்கு விற்றிருக்கிறேன். நாற்று என்பது என்ன? இரண்டு இலை, ஒரு தண்டு. இனிப்பும் அப்படித்தான் இருக்கும், காரமும் அப்படித்தான் இருக்கும். வாங்குகிறவன் என் முகத்தைப் பார்த்து, இனிப்புத்தானே என்று கேட்பான். இனிப்புத்தான் என்று நான் சொல்வேன். அந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் இரண்டு தலைமுறையாக விற்கிறோம். தெசாங்கா சொன்னது சரி. என் நாற்றில் என் வாய் மட்டும்தான் இருந்தது.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் விதோசாவா. "வெயில்னு சொல்லு. தண்ணி பத்தாட்டி மிளகாய் உறைக்கும்னு ஊரே நம்புது. எவன் ஆஸ்பிரின் டப்பாவத் தேடப் போறான்?"

அவளுடைய அப்பாவும் வியாபாரிதான்.

மறுநாள், என்னிடம் நாற்று வாங்கியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தோப்லிட்சா வந்தார். அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை. "ஒண்ணு ரெண்டு சுருக்குனு இருக்குப்பா. இந்த வருஷ வெயிலு, என்ன?" என்றார். பதிலையும் அவரே கொண்டுவந்திருந்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவதுதான். ஆட்டினேன். "நாளைக்குக் காலையில அடுப்பு மூட்டுறோம். எண்பது கிலோ. பேரப்பிள்ளைங்க வந்திருக்கு," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அன்று முழுவதும் என் கழுத்து எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி இருந்தது. இத்தனைக்கும் நான் சந்தையில் சொல்லாத பொய்யா? நேற்றுப் பறித்ததைக் காலையில் பறித்தது என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அது விலைக்கான பொய். இது எண்பது கிலோ மிளகாய்க்கும், ஒரு கிழவரின் நாலு மணி நேரத் துடுப்புக்கும், பேரப்பிள்ளைகளின் நாக்குக்குமான பொய். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது. தேனீமேல், கிராதிமிர்மேல், தலையை ஆட்டுவதற்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்த தோப்லிட்சாமேல்.

விடிந்ததும் ஒரு சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் விறகு அடுக்கிவிட்டார்கள்.

"நிறுத்துங்க. வெயில் இல்ல. நான்தான்."

தோப்லிட்சா என்னை வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி பார்க்கவே இல்லை. உள்ளேயிருந்து இன்னும் இரண்டு கத்தி எடுத்துவந்தாள். காம்புக்குக் கீழே சீவி, உள்ளே இருக்கிற வெள்ளை நரம்பில் நாக்கின் நுனியை வைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. எண்பது கிலோவையும் அப்படித்தான் பார்த்தோம். இருபதாவது பழத்தில் என் நாக்கு செத்தது. அதற்குப் பிறகு அவர்கள் நாக்கை வைத்தார்கள், நான் வசவு வாங்கினேன். மதியத்துக்குள் செய்தி என்னை முந்திக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டது. அந்த வாரத்தில் நான் கத்தியோடு போனது இன்னும் பதினேழு வீடு; மற்றவர்கள் செய்தி கேட்டுத் தாங்களே சீவிக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை என் சொந்த மிளகாய்க் குவியல் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாக்கு செருப்புத் தோல் மாதிரி இருந்தது. விதோசாவா, "எனக்கு ஒரு நாக்குதான் இருக்கு, அது உன்னத் திட்டத் தேவைப்படும்," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். வேலிக்கதவு திறந்தது. தெசாங்கா. ஒரு கையில் கத்தி, ஒரு கையில் ஒரு குவளை மோர்.

"குடிங்க. நகருங்க," என்றாள். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பழத்தைச் சீவினாள். இடப்பக்க வாளியில் போட்டாள். இனிப்பு.

"உன் சட்டி என்னாச்சு?" என்றேன். நாக்கு புரளவில்லை, அவளுக்குப் புரிந்தது.

"ஒண்ணுகூட உறைக்கல. படத்துல இருந்த மாதிரியேதான் காய்ச்சுது. சுட்டா தோலு உரியல, கிண்டினா தண்ணி வத்தல. ஆறு மணி நேரம் கிண்டி, துணி ஊறவச்ச தண்ணி மாதிரி ஒரு ருசி. கடைக்குப் போய்ச் சொன்னேன். அந்தப் பொண்ணு, 'எந்த நாத்து? இப்ப நாங்க மழைக்காலச் செருப்புல்ல விக்கிறோம்'குது."

இதைக் கேட்டு நான் சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை. சிரித்ததில் உதடு எரிந்தது.

"நீ அங்க போய்க் கத்துன. எங்கிட்டயும் ஊரே வந்து கத்துது. என்ன வித்தியாசம்?"

"உங்ககிட்ட கத்துனா உங்க மூஞ்சி சிவக்குதுல்ல. அந்தப் பொண்ணு சிரிக்குது." வலப்பக்க வாளியில் ஒன்றைப் போட்டாள், மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு எத்தன மணிக்குப் பெட்டி மேல ஏறுறீங்க?"

"ரெண்டு மிளகாயும் தோத்துச்சே?"

"என்னோடது உறைக்கலயே. நீங்கதான் ஏறணும். நான் பாலாடைக்கட்டி வாங்க ஒன்பது மணிக்கு வருவேன்."

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெருவெங்கும் மிளகாய் சுடுகிற புகை. அவள் ஒரு பெரிய பழத்தை எடுத்தாள். சீவினாள், நரம்பில் நாக்கை வைத்தாள், கொஞ்சம் நின்றாள், பிறகு ஒரு துண்டை அரிந்து முழுதாகவே மென்று தின்றாள். "இதுதான்யா மிளகாய்," என்றாள், என்னிடம் அல்ல, தனக்குத்தானே. அதன் விதைகளைக் கத்தி முனையால் சுரண்டி உள்ளங்கையில் தட்டினாள். மேலங்கிப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். மே மாதத்துத் தட்டில் குத்தியிருந்த அதே பளபளப்பான அட்டை. விதைகளை அதற்குள் வைத்து மடித்தாள். "சும்மாதானே கெடக்குது," என்றாள்.

இந்த வருடமும் எட்டுக்கு ஒரு செடி நெருப்பு. இந்த வருடமும் தேனீ வந்தது. அந்த விதைக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவள் அடுத்த பழத்தின் நரம்பில் நாக்கை வைத்தபடி, கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் பை விளிம்பில், மடிந்த அட்டையிலிருந்து பாதிச் சிவப்பு மிளகாய் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.