ஓரத்துக்குப் போன ராஜா

பதினெட்டு வருஷம் கழித்து அக்கா வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார் ஆபரேட்டர். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டு இருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆபரேட்டர் என்பது அத்தான் வைத்த பேர். செஸ் ஆடும் இயந்திரம் ஒன்றைச் செய்த கம்பெனியில் அவருக்கு அப்போது வேலை. இயந்திரத்துக்குக் கை கிடையாது. திரையில் அது சொல்வதைப் பலகையில் எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் இவர். பத்திரிகைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு நடத்திய போட்டியில் அதன் எதிரே உட்கார்ந்து ஆடியவர் அந்த அத்தான், அக்காவின் கணவர், ஊரறிந்த சாம்பியன். ஞாயிறு தவறாமல் மச்சினனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தோற்கடித்துவிட்டு, "நீயெல்லாம் காய் அடுக்கத்தான் லாயக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லாவிட்டால் அந்த மனுஷருக்குச் சாப்பாடு இறங்காது.

இயந்திரத்தோடு ஆடிய அந்தப் போட்டியின் முப்பதாவது நகர்த்தலில் அத்தான் ஒரு சிப்பாயைச் சும்மா விட்டுவைத்தார். பொறி அது. திரை அதை நம்பி, ராணியால் வெட்டச் சொன்னது. ஆபரேட்டருக்கு அந்த நிமிஷம் பலகை முழுவதும் பளிச்சென்று புரிந்தது, வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு முறை. கை ராணியைத் தொடாமல் ராஜாவை ஒரு கட்டம் ஓரத்துக்குத் தள்ளிவைத்தது. இயந்திரத்திலும் அதையே தட்டிவிட்டார். ராணியால் வெட்டு என்று பிரிண்டர் துப்பியிருந்த சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, காகிதம் சிக்கிவிட்டது என்று கூசாமல் சொன்னார்.

அத்தான் நாற்பது நிமிஷம் யோசித்தார், தோற்றார், எழுந்து நின்று கத்தினார்.

"இது மெஷின் ஆடினது இல்ல! பெரிய ஆள் எவனையோ உள்ள உக்கார வெச்சு சொல்லிக்கொடுத்திருக்காங்க. இவன் எடுத்து வெச்சான்!"

அந்தக் குற்றச்சாட்டில்கூட மூளை வேறு யாருடையதோதான். யாரும் அதை நம்பவில்லை. தோற்றவன் புலம்பல் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அத்தான் பலகையை மூடினார், கூடவே வீட்டுக் கதவையும் மூடினார். தம்பி கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. அப்பா செத்தபோது வந்து ஓரமாக நின்று அழுதுவிட்டு, தம்பி முகத்தைப் பார்க்காமலே போனாள்.

அக்கா மகள் இப்போது கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். இன்றைய செஸ் எஞ்சின்களில் அந்த ஆட்டத்தைப் போட்டால் அது மெஷின் ஆடியதா மனுஷன் ஆடியதா என்று அஞ்சு நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும் என்று அவள் சொல்ல, "அவனையும் வரச்சொல்லு. மூஞ்சிக்கு நேரா தெரியட்டும்" என்றாராம் அத்தான்.

ஒப்புக்கொண்டு காலில் விழுந்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது ஆபரேட்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் பாதி பொய். அதை ஆடியது நான் என்று அத்தானிடம் ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்ற வெறிதான் மனசு முழுக்க.

சாப்பாட்டு மேசை மேல் மடிக்கணினி. பக்கத்தில் அந்த ஆட்டத்தின் நகர்த்தல்கள் அச்சான, பழுத்துப்போன பத்திரிகைத் துண்டு. "வா" என்று அக்கா மட்டும் சொன்னாள். மகள் ஒவ்வொரு நகர்த்தலாகப் பதிந்து, முப்பதில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டாள்.

ராஜா ஓரத்துக்கு, என்றது எஞ்சின். இரண்டாவது எஞ்சினும் அதையேதான் சொன்னது. மூன்றாவது யோசிக்கக்கூட இல்லை. ராணியால் வெட்டியிருந்தால் ஆட்டம் அத்தானுக்கு.

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மெஷினேதான் ஆடியிருக்கு."

"அப்பா, இதெல்லாம் இப்போ வந்த எஞ்சின். அந்தக் காலத்து மெஷினுக்கு இவ்வளவு தூரம்..."

"மெஷின்னா மெஷின்தான். நீ சும்மா இரு." அத்தான் வந்து ஆபரேட்டரின் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிடுடா. இப்படி ஒரு மூவ் மனுஷ மூளைக்கு எட்டாது. எனக்கே எட்டலையே! இதுக்குப் போய் உன்ன சந்தேகப்பட்டேன் பாரு."

ஆபரேட்டரின் கை பைக்குள் போய்ச் சீட்டைப் பிடித்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நான் அன்னைக்கே இவர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்டா," என்று அக்கா தம்பியின் தலையை அணைத்துக்கொண்டு அழுதாள். "திருட்டுத்தனம் பண்ணவும் மூளை வேணும், என் தம்பிக்கு அதெல்லாம் ஏதுன்னு."

பாசத்தோடுதான் சொன்னாள், அதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் பதினெட்டு வருஷம் கழித்துத் தலையில் படுகிற கை அது. அதைத் தள்ளிவிட அவருக்குத் தைரியம் வரவில்லை.

மகள் மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுத்து அவரையே பார்த்தாள். "மாமா, நீங்கதானே அங்க இருந்தீங்க. இந்த மூவ் நிஜமாவே ஸ்கிரீன்ல வந்துச்சா?"

ஆபரேட்டர் வெறுங்கையை வெளியே எடுத்தார்.

"வந்துச்சும்மா. எனக்கு என்ன தெரியும், அது சொன்னதை எடுத்து வெச்சேன்."

"கேட்டியா!" என்று அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். பரண் மேலிருந்து பலகையை இறக்கித் தூசியைத் தட்டினார். "வாடா, ஒரு ஆட்டம் போடலாம். காயை அடுக்கு."

ஆபரேட்டர் அடுக்கினார்.