மாமா தூங்குறாரு

"மாணவர்களே," என்றாள் பூவிழி என்னைப் பார்த்து.

மாணவர்கள் என்பது நான் ஒருவன்தான். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு, மறு கையால் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தேன். இசை ஆசிரியர் பட்டயத் தேர்வில் பாடிக் காட்டினால் மட்டும் போதாது. தேர்வாளர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பும் எடுக்க வேண்டும். அதற்கு ஒத்திகை பார்க்க என் மனைவிக்கு இந்த மலையில் கிடைத்த ஒரே மாணவன், அவளுக்குத் தாலி கட்டியவன். காவலூர் ஆப்சர்வேட்டரியில் ராத்திரி வாட்ச்மேன் வேலை எனக்கு. வானத்தைப் பார்ப்பது உள்ளே இருப்பவர்கள் வேலை, அவர்கள் பைக்கைப் பார்ப்பது என் வேலை. பகலில் தூங்க வேண்டியவன் பகலில் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தேன்.

"ச சொல்லுங்க."

"சா..."

"அது ச இல்ல. ச-வுக்கும் ரி-க்கும் நடுவுல எங்கியோ கீது."

"நடுவுல நின்னா இன்னா தப்பு? யாருக்கும் இடைஞ்சல் இல்லாம ஓரமாத்தான நிக்குறேன்."

"பரீட்சையில உங்கள மாதிரி ஒரு புள்ள வந்துச்சுன்னா நான் ஃபெயிலுதாங்க."

கட்டிலில் அப்பா ஒரு பக்க வாயால் சிரித்தார். மறுபக்கம் போன வருஷமே நின்றுபோயிருந்தது. வாதம். அதுவும் எந்த நாள் பார்த்து அடித்தது என்றால், பூவிழி போன வருஷம் இதே தேர்வுக்குக் கிளம்பிப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த காலையில். பஸ் ஏறாமல் திரும்பி வந்தவள் அன்றைக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு மடியில் போட்டுக்கொண்டு போனாள். அதன் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டதால், அப்பாவைக் குளிக்க வைப்பது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் பூவிழிதான். இடையில் கிடைக்கும் நேரத்தில் மேளகர்த்தா ராகங்கள்.

வேலூரில் நடக்கும் இந்தத் தேர்வு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். உண்டு உறைவிடப் பள்ளியில் அவள் தற்காலிகமாகப் பாட்டு டீச்சராக இருக்கிறாள். இந்த வருஷமும் சான்றிதழ் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியர் நல்ல விதமாகவே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போய் வந்தால் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அது போய்விட்டால் வீட்டில் என்ன இருக்கும்? நானும் அப்பாவும். அதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தேர்வு நெருங்க நெருங்க அப்பாவுக்கு முடியாமல் போனது. சளி கட்டிக்கொண்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் பூவிழி அகார சாதகம் ஆரம்பித்தாள். விடியற்காலையில், குரல் பழக, சொல்லே இல்லாமல் "ஆ..." என்று கீழேயிருந்து மேலே ஏறி, மேலேயிருந்து கீழே இறங்குவது. போனில் சுருதி ஓடும். மலையில் மாசிப் பனிக்கு அந்தச் சத்தம் எங்கேயும் போகாமல் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் நாளே ஊர் எங்கள் வாசலில் கூடிவிட்டது. அப்பாவின் தங்கை குப்பம்மாள் அத்தை, அவிழ்த்த தலையோடு, "அண்ணா, போய்ட்டியா!" என்று மாரில் அடித்துக்கொண்டே உள்ளே வந்து பார்த்தால், அண்ணன் கண் விழித்துக் கட்டிலில் கிடக்கிறார். மருமகள் தம்புராப் பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் யாரோ ஒடுகத்தூருக்குப் போன் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து என் தாய்மாமன் கோபால்சாமி, ஆளுயர ரோஜா மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பா மாலையைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். "சும்மா... பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மச்சான்," என்று சொல்லி மாலையைச் சாமிப் படத்துக்குப் போட்டார். படம் மாலைக்குள் காணாமல் போனது. அன்றைக்கு அப்பா சிரித்ததுதான் அவர் பெரிதாகச் சிரித்த கடைசிச் சிரிப்பு.

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. "உயிர் இழுத்துகினு கெடக்குற வூட்ல ஒப்பாரி வைக்கிறாளே, அது எமனைக் கூப்புடுற சத்தம்டா சின்னராசு. அவள நிறுத்தச் சொல்லு."

"அது ஒப்பாரி இல்ல அத்த, சாதகம்."

"யாருக்குச் சாதகம்?"

அதிலிருந்து பூவிழி சாமைக் கொல்லைக்குப் போய்ப் பாட ஆரம்பித்தாள். கிளி விரட்டுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அறுவடை முடிந்த கொல்லையில் எந்தக் கிளி என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. சாவு விழுந்துவிட்டால் பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டு ஆட்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மருமகள் தலைமாட்டில் உட்கார வேண்டும். அவள் நீர் எடுத்து வந்தால்தான் குளிப்பாட்டவே முடியும். இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தேர்வுக்கு முந்தின சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும்போது, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "நாளைக்கு ஒரு நாள் மாமா... ஒரே ஒரு நாள்," என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி பைக்கை எடுத்தேன்.

காலையில் நான் திரும்பியபோது பூவிழி வாசலிலேயே நின்றிருந்தாள். பச்சைப் புடவை, தோளில் பை, கதவு சாத்தியிருந்தது.

"மாமா தூங்குறாரு," என்றாள். "ராத்திரி பூரா இருமல். இப்பதான் கண்ண மூடனாரு. எழுப்பிடாதீங்க."

"ஒரு வாய் டீ..."

"பஸ் வந்துரும் வாங்க."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது. பனி என்று நினைத்தேன். அப்புறம் பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். நல்ல கணவன் இந்த இடத்தில் தைரியம் சொல்வான். நான் கேள்வி கேட்டேன்.

"மாயாமாளவகௌளை எத்தனாவது மேளம்?"

அவள் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நானே சொன்னேன்.

"பதினஞ்சு! உன் புள்ளைங்களுக்கு மொத நாளே இதுலதான சரளி வரிசை ஆரம்பிப்ப? உனக்குப் பதிலா நான் போனா பாஸ் பண்ணிடுவேன் போல கீதே."

முதுகில் அவள் நெற்றி இடித்தது. மேடு பள்ளம் என்று நினைத்தேன். இப்படியாக அன்று காலை நான் நினைத்ததெல்லாம் வரிசையாகத் தப்பு. பஸ் வந்ததும் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனாள். ராகத்தை மனசுக்குள் ஓட்டுகிறாள், தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் கை காட்டவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். தலையைச் சுற்றி, தாடைக்குக் கீழே இறுக்கி, மஃப்ளர் கட்டியிருந்தது. மாசியில் எங்கள் மலையில் ஆடு மாடு தவிர எல்லோரும் அப்படித்தான் கட்டியிருப்போம். பரீட்சை அவசரத்திலும் இதை மறக்கவில்லையே என்று பெருமையாக இருந்தது. "உன் மருமவ வேலூர் கெளம்பிட்டா ப்பா," என்று சொன்னேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுத் தூங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு இருமல் சத்தம் இல்லாத தூக்கம்.

வெயில் முகத்தில் அடித்து எழுந்தபோது அப்பா அதே மாதிரி கிடந்தார். துணி நனைந்திருக்கும், மாற்றிவிடலாம் என்று கால் பக்கம் போர்வையை விலக்கினேன்.

கால் கட்டை விரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தன. கிழித்த வெள்ளைத் துணியில், அவிழாத முடிச்சாக, பக்கத்தில் துணியின் நுனியை மடித்துச் செருகி, பூவிழி எதைச் செய்தாலும் செய்கிற அந்த நேர்த்தியோடு.

உயிரோடு இருப்பவனுக்கு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள்.

எவ்வளவு நேரம் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. என் அப்பன் செத்ததை எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாளே. பிறகு, தனியாக, யாரையும் கூப்பிட முடியாமல், வாய்விட்டு ஒரு சத்தம் போட முடியாமல், தாடையைக் கட்டி, விரலைக் கட்டி, கண்ணை மூடிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து நின்றவளை நினைத்தேன். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட ஊர் வந்திருக்காது, சாதகம் என்று புரண்டு படுத்திருக்கும். இப்பதான் கண்ண மூடனாரு என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எனக்குத்தான் தமிழ் புரியவில்லை. பதினைந்தாவது மேளம் மட்டும் புரிந்திருந்தது.

போர்வையை இழுத்து மூடினேன்.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வாசலில் முருங்கை மரத்தடியில்தான் போன் பேச வேண்டும். எதிர் வீட்டு ரத்தினம்மாள் புளி காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நிற்கவும் பூவிழியே கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் பாடுவது கேட்டது, பயந்த குரல்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"மாமா?"

ரத்தினம்மாள் கை புளியில் இருந்தது, காது என் பக்கம் இருந்தது.

"தூங்குறாரு," என்றேன்.

"போர்வைய எடுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பாடிக்கொண்டிருந்த பெண் எங்கோ தப்பு விட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"அவுத்துடாதீங்க," என்றாள் பூவிழி.

"அவுக்கல."

"எனக்கு முன்னால இன்னும் நாலஞ்சு பேரு கீறாங்க. சாப்பாட்டுக்கு அப்பறம்தான் கூப்புடுவாங்களாம். நான் வந்துடட்டுமா? நீங்க சொல்லுங்க. வான்னா வந்துடறேன்."

என் வாழ்க்கையில் முக்கியமான ஒன்றை என்னிடம் முடிவு செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வாட்ச்மேனிடம் யார் கேட்பார்கள்?

"பாடிட்டு வா," என்றேன். "நான் பாத்துக்கறேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "குரல் கட்டிக்கிச்சுங்க."

"வெந்நி வாங்கிக் குடி."

வைத்துவிட்டாள்.

"இன்னாடா, பாஸா?" என்றாள் ரத்தினம்மாள்.

"இன்னும் கூப்புடலக்கா."

உச்சிப்பொழுதுக்குக் குப்பம்மாள் அத்தை வந்துவிட்டாள். நான் கதவை மறைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடா, அடுப்புல பொகையக் காணோம்? எங்கண்ணனுக்கு இன்னும் கஞ்சி ஊத்தலியா? பொண்டாட்டி பாடப் போய்ட்டா, நீ குந்திகினு கீறியா?"

"இப்பதான் அத்த, வைக்கப் போறேன்."

"நகரு, நான் வைக்கிறேன்."

"வேணாம் அத்த! மாத்திரை போட்டிருக்கேன். கூட்டம் கூடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நான் ஒருத்தி கூட்டமா?"

மனசுக்குள், நீ ஒருத்தி நாலு ஊர்க் கூட்டம் அத்த, என்று சொல்லிக்கொண்டேன். வெளியே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. அவளும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "சரி, போய் ஊத்து. நான் இங்கியே கீறேன்."

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பிணம் போனபிறகு பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும், அதுவரை பச்சைத் தண்ணீர்தான். நான் அடுப்பை மூட்டினேன். தீக்குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. புகை போக வேண்டும், அத்தைக்குத் தெரிய வேண்டும் என்று ஈர விறகாகப் பார்த்து வைத்தேன். சாமை நொய் கொதித்தது. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையின் மூச்சு கேட்டது.

"ப்பா," என்றேன் சத்தமாக. "வாயத் தொற ப்பா."

மஃப்ளர் கட்டிய தாடை. மூடிய கண். ஒரு ஈ வந்து நெற்றியில் உட்கார்ந்தது. விரட்டினேன்.

"தொற... ஆங். அவ்ளோதான்."

கரண்டியை என் வாயில் வைத்துக்கொண்டேன். சுட்டது. விழுங்கினேன்.

"குடிக்கிறானா?" என்றாள் அத்தை.

"குடிக்கிறாரு அத்த."

"நேத்து எறங்கவே இல்லியே. அவசரப்படுத்தாதடா, பொறுமையா குடு."

"இன்னொரு வாய் ப்பா."

பொறுமையாகத்தான் குடித்தேன். தொண்டையில் நிற்கும்போது நிறுத்தி, "மெதுவா, மெதுவா," என்று அவருக்குச் சொன்னேன். கிண்ணம் காலியானது. கதவை ஒரு சாண் திறந்து வெளியே நீட்டினேன். அத்தை அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அடியே ரத்தினம்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "எங்கண்ணன் கிண்ணத்தக் காலி பண்ணிட்டான்டி!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். எங்கே என்று கேட்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஒரு பாத்திரம். குழைய வடித்த சாமைச் சோறு, மேலே அவரைக்கொட்டைக் குழம்பு, ஆவி பறந்தது.

"இந்தா. அவனுக்குப் புடிக்கும். பசி எடுத்துகிச்சுன்னா பொழைச்சுப்பான்டா. சூடு ஆறதுக்குள்ள குடு."

வாங்கிக்கொண்டேன். வேலூரில் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். கதவை முதுகால் சாத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாத்திரத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். வெளியே அத்தை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோற்றிலிருந்து எழுந்த ஆவி அப்பாவின் முகத்துக்கு மேலாகப் போனது, பனியில் வாய் திறந்து மூச்சு விட்டால் போவது மாதிரி.

"ப்பா," என்றேன் சத்தமாக. "வாயத் தொற."