லின்டேல் விலகிப்போன விதம்

1979 மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினான்கு பெட்டிக் கோதுமையோடு கடைசி ரயில் எங்கள் டோர்செத் ஊரை விட்டுப் போனது. துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி தோரா வழக்கம்போல் ஓட்டுநருக்குக் கை காட்டினாள். அடுத்த செவ்வாய்க்குள் பக்கத்து நகரமான லின்டேலுக்குப் போகும் தூரம் இரண்டு மைல் கூடியிருந்தது. தபால்காரர் ஐனார் வண்டியில்தான் கோளாறு என்று மீட்டரை மாற்றினார். முதலில் முப்பத்தோரு மைலாக இருந்தது ஆகஸ்டில் அறுபதானது. தண்டவாளமும் சாலையோடு சேர்ந்தே நீண்டது. புதிதாக முளைத்த நிலத்தில் வெறும் புல். வேலி இல்லை, சொந்தக்காரரும் இல்லை. தோராவின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் லின்டேல் ஆஸ்பத்திரியில் இருந்தது. வாரம் மூன்று நாள் போகவேண்டும்.

ரயில் கம்பெனி கைவிட்ட பாதையை மாநில அரசே வாங்கி ரயில் ஓட்டலாம் என்று சட்டம் இருந்தது. ரயில் வந்தால் தூரம் தானாகச் சுருங்கிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரயில் இல்லாமல் முடியாது என்று ஊர்க்காரர்கள் வாயால் சொல்லிப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத் தலைநகரிலிருந்து மிஸ் புரூவிட் என்ற இளம் அதிகாரி வந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் எலுமிச்சைக் கேக்கும் வைத்தோம்.

தானியக் கிடங்குக்காரர் ஆர்வின் ட்வைட்டின் கோதுமை வெளியே மலையாகக் குவிந்து மழையில் முளைவிட்டிருந்தது. அவர், "ஏதோ ஓடுதும்மா. எங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க," என்றார்.

"அந்தக் கோதுமை, ஐயா?"

"பன்னிக்குப் போட்டா திங்கும்."

தோரா, "நாலு மணிக்கு எழுந்தா போயிடலாம். பெரிசா ஒண்ணுமில்ல," என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கஷ்டம்னு ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லுங்களேன். மிச்சத்தை நான் எழுதிக்கிறேன்."

அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்கள். எங்கள் ஊரில் பொய்கூடச் சொல்லலாம், குறை சொல்லக்கூடாது. கடைசியாக என்னைக் கேட்டார். தோரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணுக்கால் வீங்கியிருந்தது. "பழகிட்டோம் மேடம்," என்றேன்.

தேவை இல்லை என்று அக்டோபரில் கடிதம் வந்தது. ஜனவரியில், நூற்றுப் பன்னிரண்டாவது மைலில், நண்பகலில், தோரா காரிலேயே இறந்தாள். இரண்டு வாரம் முன்புவரை அந்த இடம் பூமியில் இல்லாததால், சான்றிதழில் இறந்த இடத்துக்கான கட்டத்தை டாக்டர் காலியாக விட்டார்.

ஏழு வருடம் கழித்து, வேறு ஊர்க்காரர்கள் கேட்டதால், மாநிலம் பாதையை வாங்கியது. லின்டேலிலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. இன்னும் வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறோம் என்று அதன் ஓட்டுநர் எழுதும் தபால் அட்டைகளை ஐனாரின் மகன் வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவருகிறான். அந்த வாரம் நாங்கள் நடைமேடையைப் பெருக்கி வைக்கிறோம்.

என் வீட்டு வாசலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு இருநூற்றுப் பத்து அடி. அது மட்டும் கூடவில்லை.