உறவு என்ற கட்டம்

‘மார்ச் 11, செவ்வாய். தவறு என்னுடையது. தத்து மனுவின் மூன்றாம் பக்கத்தில், குழந்தைக்கு உறவு என்ற கட்டத்தில் “தாய்” என்று எழுதியிருக்கிறேன். நான்கு முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை.’

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தங்கை பேனாவை மூடினாள். பகலில் நகலெடுக்கும் கடையில் வேலை, மாலையில் சட்ட எழுத்தர் வகுப்பு. அந்த ஆறு மாதப் படிப்பை நம்பித்தான் அக்கா மனுவை அவளிடம் கொடுத்திருந்தாள். நிரப்பிய அன்று குழந்தை அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு “ம்மா, ம்மா” என்று ஓயாமல் கூப்பிட்டது. கை அதையே எழுதிவிட்டது.

இன்று மதியம் நீதிமன்றக் குமாஸ்தா மனுவைத் திருப்பி நீட்டினார்.

“ஜட்ஜ் சொல்றதுக்கு முன்னாடியே நீங்க தீர்ப்பு எழுதிட்டீங்களேம்மா! ‘வளர்ப்புப் பராமரிப்பாளர்’னு போட்டு, புதுசா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள வரலைன்னா வியாழக்கிழமை விசாரணை கிடையாது. அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுத்தான்.”

எட்டு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருக்கும் அக்காவிடம், ‘நீ இன்னும் தாய் இல்லை’ என்று எந்த வாயால் சொல்வது?

பேக்கரி வேலை முடிந்து வந்த அக்கா, தங்கை சொன்னதைத் தோளில் தூங்கிய குழந்தையை இறக்காமலே கேட்டாள். முகம் சுருங்கிவிட்டது.

“எட்டு மாசமா இவளுக்கு மூக்கு துடைச்சுவிடறேன். நான் பராமரிப்பாளரா?”

“அப்ப நான் யாரு, பராமரிப்பாளரோட டிரைவரா?” என்றார் பேருந்து ஓட்டும் அத்தான், செருப்பைக் கழற்றியபடி.

“நீங்க சும்மா இருங்க.”

தங்கை மனுவை மேசைமேல் வைத்தாள். “தப்பு என்மேலதான்க்கா. உத்தரவு வர்ற வரைக்கும், இவளை நம்மகிட்ட கொடுத்த குழந்தைகள் இல்லம்தான் சட்டப்படி இவளுக்குப் பொறுப்பு. கண்டவங்க கையில பிள்ளை போயிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு விசாரிக்கிறாங்க. உத்தரவு வந்துட்டா, பெத்த பிள்ளைக்கு உள்ள அத்தனை உரிமையும் இவளுக்கு உண்டு.”

“அப்புறம் யாராவது வந்து, எங்க பிள்ளையைக் கொடுன்னு நின்னா?”

“நிக்க முடியாது. நீங்களே வேண்டாம்னாலும் விட முடியாது.”

“நாங்க எங்க விடப்போறோம்!” என்றார் அத்தான்.

அக்கா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். குழந்தையின் எச்சில் அவள் தோளை நனைத்திருந்தது.

“இத முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதாடி? வாசல்ல மணி அடிச்சாலே, பிள்ளைய வாங்கிட்டுப் போக வந்துட்டாங்களோன்னு நினைப்பேன்.”

“நீ கேக்கவே இல்லையேக்கா.”

“கேட்டா, ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்.” அக்கா கையை நீட்டினாள். “கொடு பேனாவ. வியாழக்கிழமை வரைக்கும் பராமரிப்பாளராவே இருந்துட்டுப் போறேன்.”

இடக்கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டே திருத்திய மனுவில் போட்டதில் கையெழுத்து சற்றுக் கோணலாக விழுந்தது. தங்கை அதைப் பழைய மனுவின் கையெழுத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தபிறகே அத்தானிடம் நீட்டினாள். பிறகு நாட்குறிப்பைத் திறந்தாள்.

‘நாளை காலை ஒன்பதரை: திருத்திய மனுவைக் குமாஸ்தாவிடம் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்க வேண்டும்.’