பலமனேருக்குப் பேப்பர் வரும்வரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பலமனேரில் ஒரு பெண் தினமும் பகல் பதினொன்றரை மணிவாக்கில் செல்போனில் தட்டிய ஒற்றைச் சொல்லிலிருந்து வந்தது. ‘வந்துடுச்சி.’ அவ்வளவுதான் அந்தச் சொல். நான்கு வருடம் அதற்காக நாங்கள் பன்னிரண்டு பேர் காத்திருந்தோம். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

“நன்றி சொல்லணும்னா நேர்ல சொல்லிட்டு வா. கதை எதுக்கு?” என்கிறார் என் வீட்டுக்காரர் சுரேஷ்பாபு. அவருக்குப் பதில் கடைசியில் இருக்கிறது. (இருக்கிறதா என்பது எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும்.)

மூன்று ஆரம்பங்கள் எழுதி அடித்தேன். அடித்ததை மறைக்க மாட்டேன்:

பலமனேரின் காலைப் பனியில் நனைந்தபடி அவள் — பொய். நான் போனது மத்தியானம். மண்டையைப் பிளக்கும் வெயில்.

முகம் தெரியாத மனிதர்களின் அன்பு என்பது — என்பது என்ன? அதற்குமேல் ஓடவில்லை.

‘சட்டை ரெடியா?’ — இது நல்ல ஆரம்பம். ஆனால் என்னுடையது அல்ல, பேப்பரில் வந்தது. பரவாயில்லை, அங்கிருந்தே போவோம்.

2

சென்னையிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பேப்பரில், ஏழாம் பக்கம், ராசிபலனுக்குக் கீழே, ‘டெய்லர் பரந்தாமன்’ என்று தினமும் மூன்று கட்டம் படக்கதை வந்தது. முதல் கட்டத்தில் ஒருவர் கடைக்கு வந்து “சட்டை ரெடியா?” என்பார். அவர் முகத்தை ஓவியர் ஒருநாளும் காட்டியதில்லை. ரசீதை நீட்டும் கை மட்டும் தெரியும். இரண்டாம் கட்டத்தில் பரந்தாமன் தலையைச் சொறிவார். மூன்றாம் கட்டத்தில் ஒரு சாக்கு. எலி வந்து சட்டைக்கு அளவு பார்த்துவிட்டது. வலது கைக்கும் இடது கைக்கும் சண்டை. பட்டன் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது. பதினாறு வருடம் இதே கூத்து. ஆனால் ஒரு சாக்கு இரண்டாம் தடவை வந்ததே கிடையாது.

நான் ஆந்திராவில் நகரிக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் முழுக்கத் தெலுங்கு. பேச்சு வரும், எழுத்து வராது. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. தமிழ்நாட்டிலிருந்து தாயாரைச் சேவிக்க வருகிறவர்களுக்காக அங்கே அந்தப் பேப்பரைப் போடுவார்கள். கூட்டமில்லாத நேரத்தில் படத்தைப் பார்ப்பேன். படத்தில் நடப்பது இதுதான் என்றால் மேலே எழுதியிருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று எழுத்தெழுத்தாகக் கூட்டுவேன். நான் தமிழில் சுயமாகப் படித்த முதல் வாக்கியம் ‘சட்டை ரெடியா?’ (அதில் கேள்விக்குறி மட்டும் தெலுங்கிலேயே தெரியும்.)

ஆகவே, இந்தக் கதையில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சோம்பேறி டெய்லர் போட்ட பிச்சை.

3

படித்ததை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டுமே! லாட்ஜ் மேனேஜர் வெங்கட்டுக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டுக்காரருக்குச் சிரிப்பே வராது. தேடித் தேடி டெலிகிராமில் ஒரு குழுவைப் பிடித்தேன். பெயர் ‘மூணு கட்டம்’. என்னோடு சேர்த்துப் பதின்மூன்று பேர், எல்லாரும் சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழர்கள். தலைவர் மோகன்ராஜ் அண்ணன், நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். குழுவில் சேர்ந்தவுடன் சட்டம் சொன்னார்.

“செல்லுல பாத்தது செல்லாதும்மா. போட்டோ புடிச்சிப் போடக் கூடாது. பேப்பரு கையில இருக்கணும்.”

அடுத்த சட்டம்தான் முக்கியம். பேப்பர் எங்கள் ஊர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வராது. நகரிக்கு ஆறு மணி, திருப்பதிக்கு ஏழு, சித்தூருக்கு எட்டு. பலமனேருக்கு வேலூரிலிருந்து பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் மறக்காமல் இறக்கிப் போட்டால் பதினொன்றரை. அதனால் பலமனேர் அம்சவேணி அக்கா ‘வந்துடுச்சி’ என்று போடும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. குட் மார்னிங்கூடக் கூடாது. கடைசி ஆளுக்குக் கிடைத்த பிறகுதான் முதல் ஆள் பேசலாம்.

ஆஹா, அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! “இன்னாய்யா இது, நூலுக்கு மூடு சரியில்லையாம்!” என்பார் புத்தலப்பட்டு தங்கவேலு. “என் தறிக்கும் அதே வியாதிதான்” என்பார் மோகன்ராஜ் அண்ணன். “எங்கூட்டு மாடும் அதான் சொல்லுது” என்பார் அம்சவேணி அக்கா.

என் முதல் வரியைத் தமிழில் தட்ட எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. பாதி எழுத்து தப்பு. ஒருவரும் சிரிக்கவில்லை. “புதுசா வந்த தரணி சொல்றதுதாம்பா கரெக்டு, அந்த ஆளு சட்டைக்கே வரல, பேசத்தான் வர்றாரு” என்று அக்கா போட்டார். அதைப் படம் பிடித்து இன்னும் வைத்திருக்கிறேன். என்னைத் தமிழில் ஒருவர் ஒப்புக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. கவுண்டரில் நின்ற சேலம்காரர் ரூம் இல்லை என்று நினைத்துப் போய்விட்டார்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். கதையில் இதுவரை அம்சவேணி அக்காவை நான் பார்க்கவில்லையே, எப்படி வர்ணிப்பது? முதல் வரைவில் மூக்குக்கண்ணாடி போட்ட ரிடையர்டு டீச்சர் ஆக்கினேன். இரண்டாம் வரைவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் — சே, அடித்துவிட்டேன். பாவம், உயிரோடு இருக்கிற பெண்மணியை ஏன் தனியாக உட்காரவைக்க வேண்டும்?

நிஜத்தில் அந்த வாரம் நான் இதைவிட மோசமாகக் கற்பனை செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரந்தாமன் படத்துக்குக் கீழே சின்னதாக ஓர் அறிவிப்பு: ‘அடுத்த ஞாயிறுடன் நிறைவு பெறுகிறது.’ குழுவே ஒப்பாரி வைத்தது. மறுநாள் திங்கட்கிழமை பதினொன்றரைக்குச் செல்லைப் பார்த்தேன். ‘வந்துடுச்சி’ வரவில்லை. பன்னிரண்டுக்கு இல்லை. இரண்டுக்கும் இல்லை. சட்டம் சட்டம்தானே, யாரும் பேசவில்லை. செவ்வாய், புதன், வியாழன்… சனிக்கிழமைவரை பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

(தனியாக ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்தேன். ‘அம்மா போயிட்டாங்க’ என்று வேறு யாராவது பதில் போட்டுவிட்டால்? மற்றவர்களும் இப்படித்தான் தட்டி அழித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.)

என் பயத்தைப் பச்சையாகவே சொல்கிறேன். ஞாயிறன்று கடைசிப் படம் வந்துவிடும். அன்றும் அக்கா பேசாவிட்டால் குழு அப்படியே வாய் மூடிச் செத்துவிடும். அப்புறம் என் தமிழை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போவேன்?

5

ஞாயிறு காலை பேப்பர் வந்ததும் ஏழாம் பக்கத்தைப் பிரிக்காமல் நான்காக மடித்து ரப்பர் பேண்டு போட்டேன். லாட்ஜில் கிடந்த திங்கள் முதல் சனிவரையான ஆறு பேப்பரையும் பையில் திணித்தேன். வெங்கட்டிடம் லீவு கேட்டேன். “தேனிக்கம்மா?” எதற்கு என்றார் தெலுங்கில். “சட்டை வாங்க” என்றேன்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று, “மூணு பொட்டிப் படத்துக்கு மூணு வண்டி மாறிக்கினு போறியா?” என்றார்.

“ஆமா. பொட்டிக்கு ஒண்ணு.”

ஷேர் ஆட்டோ, சித்தூர் பஸ், பிறகு பலமனேர் பஸ். (மொகிலி மலைப்பாதையை இங்கே ஒரு நல்ல எழுத்தாளர் வர்ணிப்பார். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. கதைக்கு மூன்று முடிவு யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று, அக்கா இறந்துவிட்டார். இரண்டு, எங்கள்மேல் கோபம். மூன்று, அப்படி ஒருவர் இல்லவே இல்லை. மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.)

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தயிர்க்கடை வைத்திருப்பதாக அக்கா எப்போதோ எழுதியிருந்தார். இருந்தது. உள்ளே நாற்பது வயதுக்குள் ஒரு பெண், மூக்குக்கண்ணாடி கிண்ணாடி ஒன்றும் இல்லை, ஒரு ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“புளிக்குதா? தயிரு புளிக்காம தேன் மாதிரியா இருக்கும்? போய்யா!”

என்னைப் பார்த்து, “ஏம் காவாலம்மா?” என்ன வேணும் என்று தெலுங்கில் கேட்டார். நான் பெயரைச் சொல்லவில்லை, திருச்சானூர் என்றும் சொல்லவில்லை. பையிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினேன்.

“வந்துடுச்சி” என்றேன்.

கரண்டி அப்படியே தயிர்ச்சட்டிக்குள் போய்விட்டது. “அய்யோ… யாரு, தரணியா?”

6

அக்கா முதலில் கேட்டது, “எதனா துன்னியா?” இரண்டாவது கேள்வியை நான் கேட்டேன்.

“ஏன்க்கா பேசல?”

“பேப்பரு கடக்காரரு நிறுத்திட்டாரும்மா. நீ ஒருத்திதான் வாங்கற, ஒரு காப்பிக்கோசரம் தெனம் பஸ்ஸுக்குக் காத்துக்கினு நிக்க முடியாதுன்னுட்டாரு.”

“அத குரூப்புல சொல்லியிருக்கலாமே!”

“இன்னான்னு சொல்றது? எனக்கோசரம் தெனம் பன்னெண்டு பேரு மத்தியானம் வரைக்கும் வாய மூடிக்கினு இருந்தீங்க. இனிமே எனக்கு வராதுன்னா போட்டோ புடிச்சி அனுப்புவீங்க, சட்டத்த மாத்துவீங்க. கடைசி வாரத்துல போயி எல்லாருக்கும் பாரமா இருக்கணுமா? நான் சும்மா இருந்தா நீங்களே பேச ஆரம்பிச்சிடுவீங்க, சாக்கு இன்னான்னு அதுல தெரிஞ்சிக்கலாம்னு பாத்துக்கினே இருந்தேன். ஒருத்தரும் பேசல. என்மேல கோவம்னு நெனச்சிக்கினேன்.”

“உங்களுக்கோசரம்தான் எல்லாரும் காத்துக்கினு இருந்தோம்க்கா.”

“ஆறு நாளாவா?”

“ஆறு நாளா.”

“பைத்தியம் புடிச்ச கூட்டம்டீ!” என்றார். சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புளிப்புத் தயிர்க்காரர் இன்னும் போகாமல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு டம்ளர் மோர் இனாமாகக் கிடைத்தது.

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் பேப்பரை விரித்தோம். திங்கள் முதல் சனிவரை ஆறு சாக்கையும் அக்கா ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமையின் ரப்பர் பேண்டைக் கழற்றினார். ஏழாம் பக்கம். இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தோம்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அக்கா செல்லை எடுத்து ‘வந்துடுச்சி’ என்று போட்டார்.

அடேயப்பா! அடுத்த நிமிடத்தில் முப்பது மெசேஜ். ஏன், எதற்கு, எங்கே போனாய் என்று ஒரு கேள்விகூட இல்லை. மோகன்ராஜ் அண்ணன் மட்டும், “இன்னாக்கா, இன்னிக்கி பஸ்ஸு கொஞ்சம் லேட்டா?” என்று போட்டார்.

7

வீட்டுக்காரருக்குப் பதில்: நேரில் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்கா சொல்ல விடவில்லை. வாயில் முறுக்கைத் திணித்து, கையில் ஒரு தூக்கு தயிரைக் கொடுத்து, நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதனால்தான் இந்தக் கதை.

மறுநாள் திங்கட்கிழமை. பேப்பரில் பரந்தாமன் இருந்த இடத்தில் ஒரு பற்பசை விளம்பரம். பதினொன்றரைக்கு அக்கா ‘வந்துடுச்சி’ என்று போட்டார். என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தங்கவேலு தானே ஒரு சாக்கு எழுதிப் போட்டார். அடுத்த நாள் நான் போட்டேன். இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. (இதை வைத்துக் கடைசிப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.)

சரி, அந்தக் கடைசிப் படம்? முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன். சட்டை ரெடியாகிவிட்டது. அல்லது, வந்தவர் முகம் முதல் தடவையாகத் தெரிகிறது. அல்லது, கடை பூட்டியிருக்கிறது, ரசீது பிடித்த கை மட்டும் அங்கேயே — இதற்குமேல் வேண்டாம். இவற்றில் ஒன்றுதான் நடந்தது. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், பதின்மூன்று பேருக்கும் தெரியும்.

ஆனால் சட்டம் இருக்கிறதே. கடைசி ஆளுக்குக் கிடைக்கும்வரை முதல் ஆள் பேசக் கூடாது. இந்தக் கதைக்குக் கடைசி ஆள் நீங்கள். உங்கள் ஊர் எது, உங்களுக்கு எந்த பஸ்ஸில் வருகிறது, கண்டக்டர் ஞாபகமாக இறக்கிப் போட்டாரா, எனக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாகவே வரட்டும், அவசரமில்லை. கிடைத்ததும் ஒரே ஒரு சொல் போடுங்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.