வாஷிங் மெஷின் வீட்டைத் தவிர்த்து ஒரு சைக்கிள் பாதை

"பொதுமக்களை சைக்கிள்ல கூட்டிட்டுப் போய் ஊர்ல இருக்கிற நல்ல கட்டடங்களைக் காட்டணும். யாரு முன்னால ஓட்டறீங்க?" என்று கட்டட வடிவமைப்பாளர் சங்கத்தின் செயலாளர் கேட்டபோது, மூலைமட்டத்தின் கை தானாக உயர்ந்துவிட்டது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சைக்கிளைத் தொட்டுப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

மூலைமட்டம் என்பது ஆபீஸில் வைத்த பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். தன் முதுகு எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. ஆறு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பிசியோதெரபிஸ்டான மனைவி முதலில் அவர் முழங்காலைப் பார்த்தாள், பிறகுதான் வரைபடத்தை.

"லைப்ரரியிலேருந்து கோர்ட்டுக்கு நேர் ரோடு இருக்கே. எதுக்கு மேம்பாலம் ஏறிச் சுத்தறீங்க?"

"மேலேருந்து பாத்தா ஊரோட கூரையெல்லாம் ஒண்ணாத் தெரியும்."

பொய் அழகாக வந்துவிட்டதில் அவருக்கே கொஞ்சம் பெருமை. விஷயம் வேறு. அந்த நேர் ரோட்டில்தான் இருபத்தொன்பது வயதில் அவர் வரைந்த முதல் கட்டடம், ஒரு நாலு மாடிக் குடியிருப்பு, நின்றது. ஜன்னல் சதுரமாக இருப்பது சோம்பேறித்தனம் என்று அந்த வயதில் அவருக்கு ஓர் எண்ணம். மேற்குச் சுவர் முழுக்கப் பன்னிரண்டு வட்ட ஜன்னல்கள் வைத்தார். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர், "வாஷிங் மெஷின் வீடு இறங்குங்க!" என்று கத்தியதைக் கேட்டதிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் ஒத்திகைக்குக் கிளம்பினார்கள். மேம்பாலத்தின் பாதியில் முழங்கால் 'கடக்' என்றது. மூலைமட்டம் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார். உச்சிக்குப் போய்விட்டிருந்த மனைவி திரும்பி வந்தாள்.

"நாளைக்கு இருபது பேரையும் இப்படித்தான் தள்ளவிடப் போறீங்களா? திரும்புங்க, நேர் ரோட்லயே போலாம்."

எதிர்த்துப் பேச வாய் திறந்தார். மூச்சுதான் வந்தது.

குடியிருப்பின் முன்னால் மனைவி வேண்டுமென்றே பிரேக் போட்டாள். தரைத்தள வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

"யாரு வேணும்?"

"சும்மா... கட்டடத்தைப் பாக்கறோம்."

"வெளியிலேருந்து பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள வந்து இருந்து பாருங்க. மத்தியானம் வெயில் வட்டம் வட்டமா வந்து சுடும். எந்தத் திரையும் பொருந்தாது. கடைசியில தலையில மாட்டற குளியல் தொப்பி மாதிரி எலாஸ்டிக் வெச்சு எல்லா வீட்டுக்கும் நான்தான் தெச்சுக் குடுத்தேன். இதைக் கட்டினவன் மட்டும் கையில கிடைச்சான்னா..."

மனைவி வானத்தைப் பார்த்தாள். ஓடிவிடலாம்தான். ஆனால் முழங்கால் ஒத்துழைக்காது.

"நான்தாம்மா அது" என்றார் மூலைமட்டம்.

தையல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா? நல்லதாப் போச்சு. வாங்க சார்" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனாள். ஒரு மணி நேரம் ஆனது. பாத்ரூம் கதவு வாஷ்பேசினில் இடித்தது. பால்கனியில் தண்ணீர் வெளியே போகாமல் வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டி, எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை இருபது பேருக்குப் பதில் ஒன்பது பேர் வந்தார்கள். மேம்பாலம் பாதையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. குடியிருப்பின் முன்னால் நின்று, "இது நான் பண்ணின தப்பு. விவரம் இவங்க சொல்வாங்க" என்று தையல்காரியைக் காட்டினார். லைப்ரரியில் கொட்டாவி விட்டவர்களெல்லாம் இப்போது அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். குளியல் தொப்பித் திரையை ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்று அவள் மாடிப்படித் திருப்பத்தைக் காட்டினாள். அங்கே அகலமான இடம், ஓரத்தில் சிமெண்ட் பெஞ்ச், மேலே வடக்கு வெளிச்சம். "சாயங்காலம் மொத்தக் கட்டடமும் இங்கதான் உக்காந்திருக்கும். இது எப்படி சார் இவ்வளவு சரியா யோசிச்சீங்க?"

ஒன்பது முகங்களும் அவர் பக்கம் திரும்பின. இருபது வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

"யோசிக்கலைம்மா. படிக்கணக்குல ரெண்டு படி தப்பாயிடுச்சு. மிச்சமான இடம் யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு பெஞ்ச் போட்டு மறைச்சேன்."

சிரிப்பு நாலாவது மாடி வரை போனது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மனைவிதான்.

கோர்ட் வாசலில் அவர் தூண்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசத் தொண்டையைச் செருமினார்.

"சார், இங்க தினமும் இருக்கிறவங்க யாராவது கிடைப்பாங்களா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார். கூப்பிட்டதும் வந்து, எந்தத் தூணுக்குப் பின்னால் மழையில் ஒதுங்கினால் நனையாது என்பதிலிருந்து ஆரம்பித்தார். மூலைமட்டம் கூட்டத்தின் கடைசியில் போய் நின்று, நோட்டை எடுத்தார்.