மச்சுரண்டா வீட்டு வெடி

பூவய்யா காப்பிச் செடிகளுக்கு நடுவே தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தான். வழுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்திருந்தது. அதைப் பார்க்க நேரமில்லை. அவனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான மேட்டுப் பாறையில் நின்று, ஹுப்பள்ளியிலிருந்து மாமியார் சொன்னதை அரைகுறையாகக் கேட்டான். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. போகட்டும். சேதியைப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் துப்பாக்கியை எடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் அவன் குடகில் தங்கியிருந்தான். பையன் பிறந்தால் பூர்வீக வீட்டு வாசலில் ஒரு வெடி. ஊருக்கே தெரியும், இந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டான் என்று. பூவய்யா பிறந்தபோது யாரும் வெடிக்கவில்லை. தன் மகனுக்காவது அது வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

கீழே வீட்டுப் பக்கம் டமாரென்று சத்தம்.

அவன் ஓடிக்கொண்டே சிரித்துவிட்டான். கிழவருக்கு அதற்குள் எப்படித் தெரிந்தது? வீட்டுப் போனுக்கும் மாமியார் அடித்திருப்பாள். கண்ணில் நீர் முட்டியது.

சிரிப்பு அடங்கும் முன்பே இரண்டாவது சத்தம்.

பூவய்யா நின்றுவிட்டான். ஒன்று பிறப்புக்கு. அடுத்தடுத்து இரண்டு வெடித்தால் சாவு. காதில் விழுந்தவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். வந்த அன்றே பெரியப்பா சொல்லித் தந்த முதல் பாடம்.

வீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான். சமையல்காரியை விராஜ்பேட்டை சந்தைக்கு அனுப்பியிருந்தார். இருதய நோய்க்காரர். யாரோ வந்து பார்த்துவிட்டு வெடித்திருக்கிறார்கள். பூவய்யா மறுபடி ஓடத் தொடங்கினான். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த ஒரே உறவு, இன்றைக்கா போக வேண்டும்?

மச்சுரண்டா. அப்பா கரும்பய்யா அவனுக்கு விட்டுப் போன சொத்து அந்தக் குடும்பப் பெயர் மட்டும்தான். சொந்த ஊரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் இறந்த பிறகு பூவய்யா போனில் தேடினான். குடகுக்காரர்களின் ஆயிரம் குடும்பப் பெயர்கள் அகப்பட்டன. மச்சுரண்டா ஒன்றுகூட இல்லை. இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா என்று தன் நம்பரோடு எழுதிப் போட்டான். ஒரு வாரத்தில் கரகரத்த குரல் ஒன்று கூப்பிட்டது.

"நீ கரும்பய்யா மகனா?"

அப்பாவின் அண்ணன், உத்தய்யா. அவரும் கடைசி ஆள்தான். அவருடைய ஒரே மகன் பெல்லியப்பா வாலிபத்திலேயே இறந்துவிட்டானாம். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. வந்தவனைக் கிழவர் பெல்லியப்பாவின் கட்டிலில்தான் படுக்க வைத்தார். பன்றிக் கறியும் கடம்புட்டு அரிசி உருண்டையும் தட்டில் குறையவே விடவில்லை. குழந்தை பிறக்கிற நேரத்தில் தகப்பன் இந்த வாசலில் நிற்பதுதான் முறை என்று சொல்லி, ஊர் திரும்பக் கிளம்பியவனை நிறுத்தி வைத்ததும் அவரே.

இரண்டே கேள்விதான் கேட்டார். கரும்பய்யாவுக்கு வேறு பிள்ளை உண்டா? இல்லை. எப்படிச் செத்தான்? ஆஸ்பத்திரியில், காய்ச்சலில்.

"படுக்கையிலயா போனான்?" என்றவர் அன்று இரவு சாப்பிடவில்லை. தம்பியை நினைத்து உருகுகிறார் என்று பூவய்யா நினைத்துக்கொண்டான்.

முற்றத்தில் கால் வைத்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. படியில் உத்தய்யா உட்கார்ந்திருந்தார், உயிரோடு. கறுப்பு அங்கி போட்டு, இடுப்பில் சிவப்புப் பட்டு கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி. பக்கத்தில், ஆமணக்குத் தண்டில் அவர் கைப்பட வளைத்த குட்டி வில். பிறந்த ஆண் பிள்ளையின் கையில் வைக்கிற வில்.

"நீங்கதான் வெடிச்சீங்களா பெரியப்பா? கைதவறி ரெண்டாயிடுச்சா?"

"நான் கைதவறி எதுவும் செய்யறதில்ல." கிழவர் குழலை மடக்கி, புதுத் தோட்டா இரண்டைச் செருகினார். "உன் மாமியார் மொதல்ல இங்கதான் போன் போட்டாங்க. மூக்கு உங்கப்பன் மாதிரியாம்."

"அப்ப யாரு செத்தது?"

அவர் கூடத்துப் படத்தைத் தலையால் காட்டினார். பன்றி வேட்டைக்கு நான், என் மகன், உன் அப்பன் மூன்று பேர் போனோம் என்றார். பெல்லியப்பாவின் முதுகில் குண்டு பாய்ந்திருந்தது. அதற்கு முந்தின நாள்தான் நிலத்தகராறில் கரும்பய்யாவும் அவனும் கைகலந்திருந்தார்கள்.

"தவறிப் பட்டுடுச்சுன்னான் உங்கப்பன். ஊரே நம்புச்சு. பொணம் எடுக்கறதுக்கு முன்னாடி ஓடிட்டான். எங்க போய்த் தேடுவேன்? அவன் அந்தப் பேரை மட்டும் மாத்திக்கல. நீ அதைக் கொண்டாந்து ஊர் முன்னால வெச்சே."

குழல் நிமிர்ந்தது. பூவய்யாவின் கண் வெளி கேட் பக்கம் ஓடியது.

"ஊர்க்காரங்க வர அரை மணி ஆகும். வெடிச்சாச்சு. வர்றவங்களுக்குப் பொணம் காட்டணும்ல. தவறிப் பட்டுடுச்சுன்னு நானும் சொல்லிக்கறேன்."

"நீங்கதானே சோறு போட்டீங்க..." பூவய்யா ஒரு அடி பின்வாங்கினான். "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்க?"

"வந்த அன்னிக்கே முடிச்சிருப்பேன். உன்னை விட்டா மச்சுரண்டாவுக்கு யாரு இருந்தா? பேரு அழிஞ்சிருக்குமே." கிழவர் ஆமணக்கு வில்லைப் பத்திரமாக ஓரமாய் நகர்த்தி வைத்தார். அதைக் குழந்தைக்கு அனுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். பிறகு ஒரு கண்ணை மூடினார்.

"பொண்ணாப் பொறந்திருந்தா உன்னைத் தொட்டிருக்க மாட்டேன்."